ஹார்ட்டாப்பில் டிராக்: துளையிடுவதா, ஒட்டுவதா?

கேள்வி: உசிலம்பட்டி வாசகர், 7 ஏப்ரல் 2024

என்னிடம் 2022-இல் வாங்கிய மஹிந்திரா தார் ஜீப் இருக்கிறது; கெட்டியான ஃபைபர் கூரை (ஹார்ட்டாப்) போட்டது. மண்வெட்டி, தண்ணீர்க் கேன், சுருட்டிய தார்ப்பாய் ஆகியவற்றை வெளியே கட்டிச் செல்வதற்காகக் கூரையின் நீளவாக்கில், கட்டும் வளையங்களை மாட்டுவதற்கான பள்ளமுள்ள இரண்டு அலுமினியச் சட்டங்களை (டிராக்) பொருத்த நினைக்கிறேன். ஃபைபர் கூரையில் துளை போட்டால் நாளடைவில் விரிசல் விடும், மழைக்கு ஒழுகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். இருபக்க ஒட்டுநாடாவே போதும், பெரிய கட்டடங்களின் கண்ணாடியையே அதைக் கொண்டு ஒட்டுகிறார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

9 ஏப்ரல் 2024

பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒட்டச் சொன்னவர் சொன்னதில் அதுவும் இல்லை. நானும் இந்த ஏப்ரலில் இதே வேலையில்தான் இறங்கியிருக்கிறேன் என்பதால், இதுவரை யோசித்து வைத்ததை எழுதுகிறேன்.

மாருதி ஜிம்னி வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அதன் கூரை இரும்புத் தகடு. இரு ஓரங்களிலும் மழைநீர் வடிவதற்கான விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதால், அதில் கவ்வி போட்டுக் கேரியரை இறுக்கிவிடலாம். 2020 அக்டோபரில் வந்த தாரின் ஹார்ட்டாப்போ இழை கலந்து வார்த்த கூடு. கவ்விக்கு இடம் தரும் விளிம்பு அதில் இல்லை. ஆகவே துளையைத் தவிர்க்க முடியாது. அதை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

பலரும் எத்தனை போல்ட், எவ்வளவு தடிமன் என்றே கேட்கிறார்கள். போல்ட் உடையாது. தலையில் 8.8 என்று பொறித்த 6 மி.மீ. போல்ட் ஒன்று, நிரந்தரமாக நீண்டுவிடாமல் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கும். 20 கிலோ சாமான், சக்கரம் குழியில் விழுந்து எழும் அந்தக் கண நேரத்தில் தன் எடையைப் போல மூன்று மடங்கு இழுத்தாலும் 60 கிலோதான் ஆகிறது. உடையக்கூடியது போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ஃபைபர். சாதாரண 12 மி.மீ. வாஷர், நடுத்துளை போக, ஏறத்தாழ 80 சதுர மி.மீ. பரப்பில்தான் ஃபைபரைப் பிடிக்கிறது. அதே இடத்தில் 50 மி.மீ. சதுரத் தகடு ஒன்றை உள்ளிருந்து கொடுத்தால், பிடிக்கும் பரப்பு 30 மடங்காகிவிடும். ஆகவே கடைக்குப் போனதும் டிராக்கைத் தேடாமல் முதலில் உட்தகட்டை வெட்டி வாங்குங்கள்.

ரிவெட் நட் அடித்துவிட்டால் உள்ளே கை விடவே தேவையில்லை என்று ஆசை காட்டுவார்கள். 6 மி.மீ. ரிவெட் நட்டுக்கு 9 மி.மீ. துளை வேண்டும்; அது மறுபுறத்தில் புடைத்துக்கொண்டு பிடிக்கும் பொருள். இரும்புத் தகட்டில் அது நன்றாக நிற்கும். ஃபைபரில் புடைக்கும்போதே துளையின் விளிம்பை நொறுக்கிவிடும்.

10 ஏப்ரல் 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது. சதுரத் தகட்டின் மூலைகளை அரம் போட்டு உருட்டாமல் வைத்தால், கூரை அதிரும்போது அந்த மூலைகளே உளியாகிவிடும். விளிம்பையும் மழுக்கி, தகட்டுக்கும் ஃபைபருக்கும் இடையில் மெல்லிய ரப்பர் ஷீட் ஒன்றையும் கொடுக்க வேண்டும்.

20 ஏப்ரல் 2024

வேலை முடிந்தது. மதுரை கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஃபைபர் வேலை செய்யும் பட்டறை ஒன்றில், இரண்டு நாள் ஆனது. அழகர் வருவதற்கு முன் வண்டியை எடுத்துவிட வேண்டும், எதிர்சேவை அன்று மூன்றுமாவடிப் பக்கம் வண்டி நகராது என்று பட்டறைக்காரர் முன்பே சொல்லிவிட்டார். துளையிடும் முன் அவர் என்னைப் பார்த்து, “சார், இன்னொரு தடவ யோசிச்சுக்கங்க, போட்டா போட்டதுதான்” என்றார். யோசித்தேன். மறுநாள் போட்டோம்.

நான் எடுத்தது எல்-டிராக் எனப்படும் வகை. விமானத்தில் இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் டிராக்கும் இதே குடும்பம்தான். வாய்ப்பள்ளத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக வட்டத் துளைகள் இருக்கும். சாமான் கட்டும் வளையத்தின் கால் அதில் இறங்கி அரை அங்குலம் நகர்ந்தால் மாட்டிக்கொள்ளும். கடையில் எளிதாகக் கிடைக்கும், துளையில்லாமல் நீளப் பள்ளம் மட்டும் உள்ள டி-சேனலை நான் விரும்பாததற்குக் காரணம், அதனுள் இருக்கும் நட் அதிர்வில் தளர்ந்தால் சேனல் முழுவதும் வழுக்கிக்கொண்டு போகும் என்பதே. ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ.-க்கு ஒரு போல்ட், ஒரு டிராக்குக்கு ஆறு. மொத்தம் பன்னிரண்டு துளைகள்.

துளையிட்ட முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குறித்த இடத்தில் காகித டேப்பை ஒட்டி, முதலில் டிரில்லைப் பின்னோக்கிச் சுழற்றி மேற்பூச்சை மட்டும் தேய்த்தெடுத்தோம். முன்னோக்கிச் சுழற்றினால் பிட் பூச்சைக் கொத்தி, சிலந்தி வலைபோல் கீறல் விடும். அதன் பிறகு 3 மி.மீ., 5 மி.மீ. என்று ஏறி 6.5 மி.மீ.-க்கு வந்தோம். உள்ளிருந்து ஒருவர் மரக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் இழை பிய்ந்துகொண்டு வரும். கடைசியாகத் துளையின் மேல்வாயைக் கூம்பாகச் சீவினோம். அந்தச் சிறு பள்ளத்தில் சீலன்ட் (ஒழுகாமல் அடைக்கும் பசை) தங்கி, போல்ட்டைச் சுற்றி ஒரு வளையமாக இறுகிக்கொள்ளும். புளித்த வாடை வரும் சாதாரண சிலிக்கோன் இறுகும்போது அமிலத்தை விடுவது, அலுமினியத்துக்கு ஆகாது. நாங்கள் பாலியூரித்தேன் சீலன்ட்டையே பயன்படுத்தினோம். அன்றே முழுவதும் இறுக்கினால் சீலன்ட் பிதுங்கி வெளியேறிவிடும் என்பதால், பாதி இறுக்கிவிட்டு மறுநாள் மீதியை முடித்தோம்.

கூரை பார்ப்பதற்குத்தான் சமதளம். டிராக்கை மேலே வைத்துப் பார்த்தபோது நடுவில் தொட்டுக்கொண்டு முனைகளில் 4 மி.மீ. தூக்கி நின்றது. அப்படியே இறுக்கினால் ஃபைபர் வில்லாக வளைந்து எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் அந்தந்த இடைவெளிக்கேற்ற தடிமனில் நைலான் துண்டு கொடுத்தோம். டிராக்கின் அடியில் மழைநீர் புகுந்து வடிவதற்கு வழி கிடைத்தது இதில் கிடைத்த கொசுறு லாபம்.

கண்ணாடியிழைத் தூசுக்கு முகமூடி போட்டேன். முழுக்கைச் சட்டை போட மறந்தேன். இரண்டு நாளாக முழங்கை அரிக்கிறது.

28 ஏப்ரல் 2024

முதல் பயணம் சிறுமலைக்கு. பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள், மேலே மண்வெட்டி, தார்ப்பாய், 10 லிட்டர் தண்ணீர். திரும்பும்போது வீட்டில் கேட்டுக்கொண்டதற்காக மலை வாழைத்தார் இரண்டு வாங்கி மேலே கட்டினேன். தாரின் மேல் தார், அதன் மேல் தார்ப்பாய் என்று என் மைத்துனர் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். சொல்லாமல் விட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

வளைவுகளில் வண்டி சாய்வது கூடியிருப்பதை உணர முடிந்தது. சாமான் மொத்தம் 35 கிலோவைத் தாண்டாது. ஆனால் அது வண்டியின் மிக உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் உள்ளே, இருக்கைக்குப் பின்னால், தரையில்தான்.

29 ஏப்ரல் 2024

பெட்ரோல் கேனை மேலே வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கக் கூடாது. மதுரை வெயிலில் கருப்புக் கூரையின் மேல் பெட்ரோல் வைப்பதைப் பற்றி இரண்டாவது வாக்கியம் தேவையில்லை.

5 மே 2024

அக்கினி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள். பிற்பகல் இரண்டு மணிக்கு அகச்சிவப்பு வெப்பமானியைக் கூரையின் மேல் காட்டினேன், 68 டிகிரி.

இதையொட்டி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அலுமினியம் வெயிலில் நீளும், ஃபைபர் நீளாது, ஆகவே போல்ட் துளைகளை நீள்வட்டமாக வெட்ட வேண்டும் என்று பட்டறையில் நான் அடம்பிடித்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.2 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் 1.1 மி.மீ. நீளும். ஆனால் கண்ணாடியிழைக் கூடும் ஏறத்தாழ அதே விகிதத்தில் நீளக்கூடியது. இரண்டும் சேர்ந்தே நீண்டு சேர்ந்தே சுருங்கும். பயந்ததற்குக் காரணமே இல்லை. இரும்புச் சட்டத்தை வைத்துப் போல்ட் அடித்திருந்தால் வித்தியாசம் வரும், ஏனெனில் இரும்பு அலுமினியத்தில் பாதி அளவுதான் நீளும். இருந்தாலும் நீள்வட்டத் துளைகள் வீண்போகவில்லை: இடது டிராக்கில் நான் குறித்த கோடே கோணலாக இருந்தது, அந்தக் கோணலை அவை விழுங்கிக்கொண்டன.

16 ஜூன் 2024

நான்கு வழிச் சாலையில் கோவில்பட்டி வரை போய் வந்தேன். 80-ஐத் தாண்டியதும் கூரையிலிருந்து யாரோ நாதஸ்வரத்தின் சீவாளியைச் சரிபார்ப்பது போன்ற ஓசை. சாமான் ஏதும் இல்லை. டிராக்குகளும், அவற்றின் குறுக்கே போட்ட இரண்டு வட்டக் குழாய்களும் மட்டுமே. டிராக்கின் துளைகள்தாம் ஊதுகின்றன என்று நினைத்து, பள்ளம் முழுக்க ரப்பர்க் கயிற்றைத் திணித்தேன். கீச்சொலி போயிற்று. அடியில் ஒரு முனகல் மட்டும் அப்படியே இருக்கிறது.

23 ஜூன் 2024

முனகலும் போயிற்று. குற்றவாளி குறுக்குக் குழாய். காற்று ஒரு வட்டக் குழாயைக் கடக்கும்போது அதன் பின்புறத்தில் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழிகள் கழன்று போகின்றன, 25 மி.மீ. குழாய்க்கு, மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், நொடிக்கு 200 முறை. அதுதான் காதில் விழுந்தது. உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் தலைப்பகுதியில் திருகு போலத் தகடு சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; சுழிகள் ஒரே நேரத்தில் கழலாமல் கலைத்துவிடுவதற்காகவே அது. நான் தேங்காய் நார்க் கயிற்றைக் குழாயில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் திருகாகச் சுற்றினேன். இருபது ரூபாயில் வேலை முடிந்தது. வண்டிதான் மாட்டுப் பொங்கலுக்குத் தயாரானது போல் இருக்கிறது.

18 ஆகஸ்ட் 2024

இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்.

மூன்று நாளைக்கு முன் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸுக்கு இங்கு எழுதியவை பொருந்துமா என்றால், பொருந்தாது. அதன் கூரை உலோகம். அதிலும் சன்ரூஃப் உள்ளவற்றில் டிரில்லோடு ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டம் பற்றி: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்பக்க பம்பர் கார்டுகளை அகற்ற 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் இதே பிரிவைக் காட்டித்தான். கழற்றக்கூடிய கேரியரை அதே தட்டில் வைக்க முடியாது என்பது என் எண்ணம். ஆனால் மடக்கி நிறுத்தும் காவலரிடம் என் எண்ணம் செல்லாது. எனவே பயணம் இல்லாத நாட்களில் குறுக்குக் குழாய்களைக் கழற்றி வீட்டில் வைக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிட்டேன்.

26 அக்டோபர் 2024

ஒழுகுகிறது.

நேற்றைய மழையில் வண்டி வெளியே நின்றது. காலையில் கதவைத் திறந்தால் பின்னிருக்கையின் இடப்பக்கம் ஊறிப்போயிருக்கிறது. அண்ணாந்து பார்த்தேன், இடது டிராக்கின் மூன்றாவது உட்தகட்டின் கீழ் விளிம்பில் முத்துப்போல ஒரு துளி நின்றுகொண்டிருந்தது. பயமுறுத்தியவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இன்று மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

3 நவம்பர் 2024

இடது டிராக்கின் ஆறு போல்ட்டையும் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, புதிதாகப் போட்டு மாட்டினேன். ஒரு நட் கழலவே இல்லை. போல்ட்டும் நட்டும் இரண்டும் ஸ்டெயின்லெஸ். உலர்வாக வேகமாக இறுக்கினால் மறைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பற்றிவிடும். ஹாக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இனி ஸ்டெயின்லெஸ் நட்டுக்கு ஒரு சொட்டு கிரீஸ் தடவாமல் கை வைக்க மாட்டேன். சீலன்ட் சரியில்லாததே ஒழுகலுக்குக் காரணம் என்று முடிவு செய்து, அந்தச் சரக்கை வாங்காதீர்கள் என்று இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

8 நவம்பர் 2024

மறுபடியும் மழை. மறுபடியும் அதே இடத்தில் அதே துளி.

10 நவம்பர் 2024

கண்டுபிடித்துவிட்டேன்; சொல்வதற்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

உட்புறக் கூரை முழுவதையும் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரைப் பஞ்சால் தட்டினேன். மகள் டார்ச்சோடும் குடையோடும் உள்ளே உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே ஹோஸ் பைப்பைப் பிடித்தேன். பின்னாலிருந்து தொடங்கி ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து நிமிடம். பன்னிரண்டு போல்ட்டும் தாண்டியாயிற்று. ஒரு பொட்டு ஈரமில்லை. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஹார்ட்டாப் உட்காரும் இடத்துக்கு வந்ததும் உள்ளே கூச்சல். நீர் அங்கே இடது மூலையில் புகுந்து, கூரையின் உட்புற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பவுடரில் கோடு போட்டபடி முக்கால் மீட்டர் பின்னோக்கி ஓடி, மூன்றாவது தகட்டில் தடுக்கிச் சொட்டியிருக்கிறது.

அந்த மூலையில், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர்ப் பட்டை (பீடிங்) மடிந்து கிடந்தது. மடித்தவன் நான். ஏப்ரலில் முதல் இரண்டு உட்தகடுகளை வைக்க, ரோல் கேஜுக்கும் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் உட்புற இரும்புச் சட்டம்) கூரைக்கும் நடுவில் கையும் ஸ்பேனரும் நுழையவில்லை என்று, ஹார்ட்டாப்பின் முன்பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டு விரல்கடை தூக்கினோம். இங்கே 20 ஏப்ரல் குறிப்பை எழுதியபோது அதைச் சொல்லத் தகுந்த செய்தியாகவே நான் நினைக்கவில்லை. இறக்கும்போது பீடிங் புரண்டிருக்கிறது. வெயில் காலம் முழுக்க அது யாருக்கும் தெரியவில்லை.

பீடிங்கை நிமிர்த்தி, ரப்பருக்கான சிலிக்கோன் கிரீஸ் தடவி இறுக்கியதும் ஒழுகல் நின்றது. சீலன்ட்டைப் பழித்து நான் சொல்லியிருந்ததை அந்த இரண்டு பேரிடமும் தொலைபேசியில் திரும்பப் பெற்றுக்கொண்டேன். போட்ட துளை ஒழுகவில்லை; துளை போடுவதற்காகத் தொட்ட இடம் ஒழுகியது.

9 மார்ச் 2025

ஜனவரியில் தனுஷ்கோடிக்குப் போய், அரிச்சல்முனை வரை ஓட்டி, ராமேஸ்வரத்தில் கடற்காற்றில் ஓர் இரவு நிறுத்தினோம். வந்தவுடன் வண்டியைக் கழுவினேன். டிராக்கின் பள்ளத்துக்குள் தண்ணீர் பீய்ச்சவில்லை. இன்று ரப்பர்க் கயிற்றை உருவிப் பார்த்தால், போல்ட் தலைகளைச் சுற்றி அலுமினியம் வெண்பொடியாகப் பூத்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அது ஒரு சிறு பேட்டரி. கரைவது எப்போதும் அலுமினியத்தின் பக்கம். ஓசையை அடைக்க நான் திணித்த கயிறு உப்பை உள்ளேயே ஈரத்தோடு பொத்தி வைத்திருந்தது என்பது இதில் இன்னொரு வேடிக்கை. பொடியைச் சுரண்டி, தலைகளுக்கு அடியில் நைலான் வாஷரும், போல்ட்டின் உடலைச் சுற்றி நைலான் குழலும் (புஷ்) போட்டு, கிரீஸ் தடவி மாட்டினேன். கயிறு இனி நெடுஞ்சாலைக்கு மட்டும்.

13 ஏப்ரல் 2025

ஓராண்டு ஆனதால் ஒரு கடனைத் தீர்க்கிறேன். ஒட்டுநாடா பற்றி முதல் நாள் எழுதியது அளவுக்கு மீறிய பேச்சு. வெட்டியதில் மிஞ்சிய 30 செ.மீ. டிராக் துண்டைச் சென்ற மே மாதம் பின்பக்கவாட்டுக் கண்ணாடிக்கு மேலே, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, நாடாவால் ஒட்டினேன். விழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். அதில் அரைக் கிலோ முகாம் விளக்கு தொங்குகிறது. ஒரு கோடை, ஒரு பருவமழை, தனுஷ்கோடி எல்லாம் கடந்தும் அசையவில்லை. பக்கச் சுவரில் சுமை நாடாவை வழுக்கும் திசையில் இழுக்கிறது. அதை நாடா நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் இழுப்புக்குத்தான் அது மசியும்; கூரையில் குறுக்குக் குழாய் போட்டுச் சாமான் கட்டினால், குழியில் வரும் இழுப்பு அந்த வகை. ஆகவே கூரைக்கு நாடா வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

இப்போது மேலே நிரந்தரமாக இருப்பவை மண்வெட்டியும் தார்ப்பாயும் மட்டுமே. தண்ணீர் உள்ளே போயிற்று. எனக்கு நானே வைத்துக்கொண்ட வரம்பு 25 கிலோ. வாழைத்தார் என்றால் ஒன்று.

உசிலம்பட்டிக்காரர் இன்னும் துளை போடவில்லையாம், என் குறிப்புகள் முடியட்டும் என்று காத்திருந்தாராம். முன்பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தாமலே முதல் இரண்டு தகடுகளை நுழைக்க ஒரு வழி தோன்றுகிறது: தகட்டில் நட்டை முன்கூட்டியே வெல்டிங் வைத்து, ஒரு கம்பியில் கோத்து, கேஜுக்கு மேலாகத் தள்ளி, மேலிருந்து போல்ட்டை இறக்கிப் பிடிக்கலாம். நான் செய்து பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு அவர் வண்டியைக் கொண்டு வருகிறார். முழுக்கைச் சட்டையோடு வரச் சொல்லியிருக்கிறேன்.